ஸ்டீம் போட்டை குளிர்காலத்துக்கு எப்படி கட்டி வைக்கிறது? பாய்லர் காலியா இருக்கணுமா, நெரப்பி வைக்கணுமா?

பிரேஸ்பிரிட்ஜ்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். இதுக்கு தமிழ்ல பதில் கிடைக்குமான்னு சந்தேகமாதான் இருக்கு, ஆனா இங்க கப்பல்ல வேலை பாத்தவங்க சில பேர் இருக்கீங்கன்னு தெரியும், அந்த தைரியத்துல கேக்கறேன்.

நான் இருக்கறது கனடா, ஒன்டாரியோவுல மஸ்கோகா ஏரிகள் பக்கம். இந்த பக்கம் வந்தவங்களுக்கு தெரியும், கிரேவன்ஹர்ஸ்ட்ல செக்வன்-னு ஒரு நீராவி கப்பல் இருக்கு, 1887ல நிப்பிசிங்-னு பேர் வச்சு கட்டினது, 1925ல மாத்தி கட்டி செக்வன்னு பேர் வச்சாங்க, அது இன்னமும் கோடையில ஆளை ஏத்திக்கிட்டு ஓடுது. அதோட விசில் சத்தம் கேட்டு கேட்டே எனக்கு இந்த கிறுக்கு பிடிச்சிடுச்சு. வீட்ல திட்டு வாங்கிட்டு இந்த வருஷம் ஒரு சின்ன ஸ்டீம் லாஞ்ச் வாங்கிட்டேன். 21 அடி, சிடார் பலகை போட்ட ஹல் (போட்டோட உடம்பு), ஸ்டீல்ல செஞ்ச நிமிர்ந்த பாய்லர் (உள்ள நெருப்பு டியூப் வழியா மேல போகும், சுத்தி தண்ணி), ரெண்டு சிலிண்டர் காம்பவுண்ட் இன்ஜின் (சின்ன சிலிண்டர்ல வேலை செஞ்ச ஆவியே பெரிய சிலிண்டர்லயும் வேலை செய்யும்), 100 பிஎஸ்ஐ பிரஷருக்கு சேஃப்டி வால்வு (பிரஷர் மீறினா தானா திறக்கறது) செட் பண்ணியிருக்கு. எரிக்கறது விறகு. கண்டென்சர்னா (வேலை முடிஞ்ச ஆவியை தண்ணியாக்கறது) பெருசா ஒண்ணும் இல்ல, போட்டுக்கு வெளியில கீல் (போட்டோட அடி நடு மரம்) ஓரமா ஓடுற காப்பர் பைப், அவ்ளோதான். அதுல ஆறி தண்ணியாகி ஹாட்வெல்லுக்கு (அந்த தண்ணி சேர்ற தொட்டி) வந்து திரும்ப பாய்லருக்கே போயிடும்.

ஓட்டறதுக்கு இப்ப ஓரளவு பழகிட்டேன். நெருப்பு மூட்டினா முக்கால் மணி நேரத்துல கெளம்பலாம், 5 நாட் 5.5 நாட் போகும், அதுக்கு மேல தள்ளினா விறகுதான் போகுது வேகம் ஏறல. பிரச்சனை இப்பதான். அக்டோபர்ல தேங்க்ஸ்கிவிங் லீவுக்குள்ள தண்ணியை விட்டு வெளியே எடுத்தாகணும். என் கராஜ்ல ஹீட்டர் கிடையாது, ஜனவரில மைனஸ் 25 எல்லாம் இங்க சாதாரணம். வித்தவர் "தண்ணியை வடிச்சிடு, தார்பாய் போட்டு மூடிடு" அப்படின்னு ஒரே வரில முடிச்சிட்டார். அவ்ளோதானா?

நெட்ல தேடினா ஒருத்தர் பாய்லரை காலியா காய வைக்கணும்ங்கறார், இன்னொருத்தர் விளிம்பு வரைக்கும் தண்ணி நெரப்பி மருந்து போட்டு வைக்கணும்ங்கறார், ரெண்டும் எப்படி சரியா இருக்க முடியும்? ஆன்டிஃப்ரீஸ் ஊத்தி வச்சா ஆகாதா? இன்ஜினை கழட்டி வீட்டுக்குள்ள கொண்டு வரணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாலாவது இன்ஜினியர்:

தம்பி, ரெண்டும் சரிதான். எந்த எடத்துல வைக்கறோம்ங்கறதுதான் வித்தியாசம். நான் கப்பல்ல நாலாவது இன்ஜினியரா இருந்தப்ப பாய்லர் தண்ணி டெஸ்ட்டு, மருந்து போடறது எல்லாம் நம்ம தலையிலதான், இப்ப தூத்துக்குடில ரிட்டையர் ஆகி உக்காந்திருக்கேன், அதனால நிறைய எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

துரு பிடிக்கணும்னா தண்ணியும் வேணும் ஆக்ஸிஜனும் வேணும். ரெண்டுல ஒண்ணை எடுத்துட்டா போதும். கப்பல்ல பாய்லரை கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கறப்ப முழுசா நெரப்புவோம், காத்துக்கு உள்ள எடமே இருக்காது, தண்ணியில கரைஞ்சிருக்கற ஆக்ஸிஜனை சாப்பிடறதுக்கு சல்ஃபைட்டு மாதிரி மருந்து போட்டு, தண்ணியை கார குணத்துல வச்சிருப்போம். அங்க இன்ஜின் ரூம் எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும், உறையற பேச்சே கிடையாது. உங்க கராஜ்ல மைனஸ் 25ன்னு சொல்றீங்க, தண்ணி உறைஞ்சா கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருத்துடும், நெரப்பி வச்ச பாய்லர்ல அதுக்கு போக எடம் கிடையாது, டியூப் பிதுங்கும் இல்ல தகடு பொளக்கும். அதனால உங்களுக்கு காய வைக்கறது ஒண்ணுதான் வழி, இதுல யோசிக்க எதுவும் இல்ல. ரொம்ப மோசமானது எதுன்னா பாதி தண்ணியோட விடறது. தண்ணி மட்டத்துல ஒரு கோடு மாதிரி குழி குழியா அரிச்சிருக்கும், பழைய பாய்லரை திறந்து பாத்தவனுக்கு தெரியும்.

எப்படி காய வைக்கறதுன்னா, சூடு இருக்கறப்பவே வடிக்கணும். கடைசி நாள் ஓட்டி முடிச்சு போட்டை டிரெய்லர்ல ஏத்தினதும் நெருப்பை முழுசா வெளிய எடுத்துடுங்க, ஒரு கங்கு கூட இருக்கக்கூடாது. அப்பறம் காத்திருங்க. 100 பிஎஸ்ஐல தண்ணி கிட்டத்தட்ட 170 டிகிரி செல்சியஸ்ல இருக்கும், அந்த நிலையில திறந்து விட்டீங்கன்னா உள்ள இருக்கற சேறும் உப்பும் சூடான தகட்டுல வறுபட்டு ஒட்டிக்கும், டியூப் முனையெல்லாம் சட்டுனு இழுபட்டு கசிய ஆரம்பிக்கும், பக்கத்துல நிக்கறவனுக்கும் ஆபத்து. பிரஷர் தானா 5, 10 பிஎஸ்ஐக்கு இறங்கட்டும். அப்ப கீழ் வால்வை திறங்க. மிச்ச பிரஷரே தண்ணியை தள்ளிடும், தகட்டுல இருக்கற சூடு மிச்ச ஈரத்தை ஆவியாக்கிடும். முள்ளு ஜீரோவுக்கு வர்றப்ப மேல ஏதாவது ஒரு வால்வை திறந்து காத்து உள்ள போக விடணும், இல்லைன்னா ஆறுறப்ப உள்ள வெற்றிடமாகி வடிஞ்சதையே திரும்ப உறிஞ்சும். வடிக்கறப்ப அந்த பக்கம் ஆள் யாரும் இல்லாம பாத்துக்கோங்க, 5 பிஎஸ்ஐன்னாலும் 108 டிகிரி, தோல் உரிஞ்சிடும்.

நல்லா ஆறினதும் பிளக்கு, ஹேண்ட்ஹோல் (கை விட்டு சுத்தம் பண்ற ஓட்டை) மூடி எல்லாம் கழட்டி ஹோஸ் பைப் விட்டு சேறு கழுவிட்டு, திரும்ப காய வைங்க. அதுக்கப்பறம் ரெண்டு வழி. ஒண்ணு, உள்ள சிலிக்கா ஜெல் பை போட்டு எல்லாத்தையும் காத்து புகாம அடைக்கறது. பழைய ஆளுங்க தட்டுல சுட்ட சுண்ணாம்புக்கல்லு வச்சு உள்ள விடுவாங்க, அது ஈரம் குடிச்சு பூத்து பெருகும், அதனால தட்டுல பாதிக்கு மேல வைக்கக்கூடாது, உங்க பாய்லர் ஓட்டையில தட்டு நுழையுமான்னு பாத்துக்கோங்க. இன்னொரு வழி எல்லாத்தையும் திறந்தே விட்டு, நெருப்பு எரியற எடத்துல ஒரு சின்ன வாட் பல்பு எரிய விடறது, வெதுவெதுப்பான காத்து டியூப் வழியா மேல போயிட்டே இருக்கும், ஈரம் தங்காது. பாதி திறந்து பாதி மூடி வச்சா ரெண்டும் கெட்டான், ஈரக்காத்து உள்ள போய் அங்கேயே உக்காந்துக்கும்.

நெருப்பு பக்கத்தை மறந்துடறாங்க எல்லாரும். சாம்பல், கரி எல்லாத்தையும் சுரண்டி எடுத்து டியூப்பை பிரஷ் போட்டு இழுத்துடுங்க. நிலக்கரி எரிச்சிருந்தா அந்த கரியில கந்தகம் இருக்கும், ஈரத்தோட சேர்ந்து ஆசிட் ஆயிடும், ஒரே குளிர்காலத்துல டியூப் முனையை தின்னுடும். விறகு சாம்பல் அந்த அளவுக்கு மோசம் இல்ல, ஆனாலும் ஈரத்தை இழுத்து வச்சுக்கும். புகைபோக்கி மேல ஒரு பழைய வாளியை கவுத்து வைங்க.

கெண்டல் மீனா:

நாலாவது சார் பாய்லரை பத்தி சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்லைங்க. ஆனா என்னைக் கேட்டா பாய்லர் உறைஞ்சு உடைஞ்ச கதையை விட மத்த சாமான் உடைஞ்ச கதைதான் அதிகம். பாய்லர் பெருசா கண்ணு முன்னாடி நிக்குது, அதை யாரும் மறக்க மாட்டாங்க. ஒரு ஸ்பூன் தண்ணி தங்கற எடம் போட்டு பூரா அங்கங்க ஒளிஞ்சிருக்கு, அதுதாங்க செலவு வைக்கும்.

நாங்க இருக்கறது இங்கிலாந்துல விண்டர்மியர் ஏரிக்கு பக்கம், எங்க வீட்டுக்காரருக்கு இந்த பைத்தியம், எனக்கு அதைவிட ஜாஸ்தி. இங்க குளிர் உங்க ஊர் அளவுக்கு கிடையாது, ஆனா உறையும் உருகும் உறையும் உருகும்னு மாறி மாறி நடக்கும்.

நான் எங்கெங்க கை வைப்பேன்னு சொல்றேன், வரிசை பாக்காதீங்க. முதல்ல டிஸ்பிளேஸ்மென்ட் லூப்ரிகேட்டர். அதோட வேலையே நீராவி உள்ள போய் தண்ணியாகி அடியில தங்கி எண்ணெயை மேல தள்ளி சிலிண்டருக்கு அனுப்பறதுதானே, அப்ப சீசன் முடியறப்ப அதுக்குள்ள பாதி தண்ணிதான் இருக்கும், மேல பாத்தா எண்ணெய் தெரியறதால பத்திரமா இருக்குன்னு விட்டுடறாங்க, அடி பொளந்துடும். அப்பறம் பிரஷர் கேஜுக்கு கீழ பன்னி வால் மாதிரி சுருண்ட பைப் இருக்கு பாருங்க, அது தண்ணி தங்கணும்னே வச்சது, ஆவி நேரா கேஜுக்குள்ள போகாம இருக்க. அதை கழட்டி தலைகீழா கவுத்து ஊதுங்க. வசந்தத்துல மாட்டறப்ப மறக்காம தண்ணி நெரப்பிட்டு மாட்டணும், காலியா மாட்டி ஆவி விட்டீங்கன்னா கேஜ் கெட்டுடும்.

பால் வால்வு இருந்தா எல்லாத்தையும் பாதி திறந்த நிலையில விடுங்க. முழுசா மூடினாலும் முழுசா திறந்தாலும் உருண்டையை சுத்தி கொஞ்சம் தண்ணி மாட்டிக்கும், பாதில நிறுத்தினா வழிஞ்சிடும். இதை யாரும் சொல்லித் தர்றதில்ல. பாய்லருக்கு தண்ணி தள்ளற ஃபீட் பம்புல ரெண்டு செக் வால்வுக்கு (ஒரு பக்கமா மட்டும் தண்ணி விடற வால்வு) நடுவுல தண்ணி சிக்கியிருக்கும், அது முன்னாடியும் போகாது பின்னாடியும் போகாது, மூடியை திறந்து உள்ள அடைக்கற குண்டையே வெளிய எடுத்துடுங்க, எடுத்த குண்டை ஒரு டப்பால போட்டு எந்த பம்புன்னு எழுதி வைங்க. கை பம்பும் அப்படித்தான். பாய்லர் பக்கம் இருக்கற கிளாக் வால்வும் (பாய்லர் தண்ணி திரும்ப வராம தடுக்கறது). இன்ஜெக்டர் (ஆவியாலயே பாய்லருக்கு தண்ணி தள்ளற சாமான்) இருந்தா மொத்தமா கழட்டி வீட்டுக்குள்ள கொண்டு போயிடுங்க, கை அளவு சாமான், டிராயர்ல போட்டுடலாம். கேஜ் கிளாஸையும் (பாய்லர் தண்ணி மட்டம் காட்டற கண்ணாடி குழாய்) கழட்டிடறது நல்லது. விசிலுக்கு போற பைப்புல எங்கயாவது தொங்கல் இருந்தா அங்க தண்ணி நிக்கும்.

இன்ஜினை கழட்ட வேண்டாம்ங்க. சிலிண்டர் டிரெயின் காக் (தண்ணி வடிக்கற சின்ன குழாய்) எல்லாம் திறந்து வைங்க, வால்வு செஸ்ட்டுக்கு (வால்வு இருக்கற பெட்டி) தனி டிரெயின் இருந்தா அதையும். காம்பவுண்டுங்கறதால சின்ன சிலிண்டருக்கும் பெரிய சிலிண்டருக்கும் நடுவுல ரிசீவர்ல தண்ணி நிக்கும், அதை மறந்துடாதீங்க. அப்பறம் கம்ப்ரஸர்ல காத்து விட்டு, காத்துலயே இன்ஜினை மெதுவா ஓட்டி, ஓடறப்ப இன்லெட் பக்கம் எண்ணெய் ஊத்துங்க, டிரெயின் காக்ல இருந்து சுத்தமான எண்ணெய் புகை வர்ற வரைக்கும். குளிர்காலத்துல அப்பப்ப கராஜ் பக்கம் போறப்ப ஃப்ளைவீலை கையால ஒரு முக்கால் சுத்து சுத்திட்டு வேற எடத்துல நிறுத்துங்க. பிஸ்டன் ராடு கிளாண்ட்ல (ராடு வெளிய வர்ற எடம்) ஆவி கசியாம அடைச்சிருக்கற பேக்கிங்கை உருவி எடுத்துடுங்க. அந்த ஈர பேக்கிங் ராடை கட்டிப் பிடிச்சிக்கிட்டே ஆறு மாசம் இருந்தா அந்த எடத்துல மட்டும் குழி விழுந்துடும், அடுத்த வருஷம் எவ்வளவு முறுக்கினாலும் ஆவி கசியும்.

கீல் பைப்பு போட்டு வெளிய வந்ததும் ரெண்டு முனையையும் அவுத்து காத்து விட்டு ஊதணும், மூக்கை கொஞ்சம் தூக்கி வச்சா பாதி தானா வழியும்.

குளிரோட விளையாட்டுக்கு எங்க ஊர் சாட்சி ஒண்ணு இருக்கு. டாலி-ன்னு ஒரு ஸ்டீம் லாஞ்ச், 1850 வாக்குல கட்டினது, 1895ல பெரிய உறைபனி வந்தப்ப அல்ஸ்வாட்டர் ஏரில முழுகிடுச்சு. 1962ல மேல தூக்கினாங்க, இன்ஜினும் பாய்லரும் உள்ளேயே இருந்துச்சு. இப்ப விண்டர்மியர் ஜெட்டி மியூசியத்துல இருக்கு, 2019ல திறந்தாங்க, இந்த பக்கம் வந்தா போய் பாருங்க. அதுக்காக உங்க போட்டையும் ஏரிக்கு அடியில வைங்கன்னு சொல்லல!

டெஸ்லா தாசன்:

ஒரு எலக்ட்ரிக் மோட்டார் ரெண்டு பேட்டரி போட்டா இந்த தலைவலி எதுவும் இல்லையே ப்ரோ. சும்மா கேட்டேன்.

கெண்டல் மீனா:

அதுல டீ போட முடியாதுங்களே. இங்க விண்டர்மியர் கெட்டில்னு ஒண்ணு இருக்கு, செம்பு பாத்திரத்துக்குள்ள சுருள் பைப், அதுல பாய்லர் ஆவியை விட்டா சில விநாடில தண்ணி தளதளன்னு கொதிச்சிடும். பிரேஸ்பிரிட்ஜ் அண்ணா, உங்க போட்ல அது இருந்தா அந்த சுருளையும் ஊதி விடுங்க, நல்ல வேளை ஞாபகம் வந்துச்சு.

ஸ்காபரோ சிவா:

வணக்கம் அண்ணை. நானும் ஒன்டாரியோதான், என்னட்ட இருக்கிறது ஃபைபர்கிளாஸ் ஹல், 18 அடி, சிங்கிள் சிலிண்டர். மற்ற ஆக்கள் சொன்னதெல்லாம் சரி, இஞ்சத்தைய குளிருக்கு நான் ரெண்டு மூண்டு விசயம் சேத்துச் சொல்லுறன்.

ஆன்டிஃப்ரீஸ் கேட்டிருந்தீங்கள். பாய்லருக்குள்ள ஊத்தவே வேண்டாம், பிறகு கழுவி எடுக்கேலாது, அடுத்த வருசம் சூடாக்கேக்க நுரைச்சுத் தள்ளும். ஆனால் ஃபீட் பம்ப், கை பம்ப், கீல் பைப் மாதிரி முழுசா வடிஞ்சுதோ எண்டு நம்ப ஏலாத இடங்களுக்கு அந்த ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸ் நல்லது, கொட்டேஜ் தண்ணிப் பைப்புகளுக்கு ஊத்திறது, புரொப்பிலீன் கிளைக்கால். கார் ரேடியேட்டருக்கு ஊத்திற எத்திலீன் கிளைக்காலை எடுக்க வேண்டாம், அது நஞ்சு, வசந்தத்தில ஏரிக்குள்ளதான் போய்ச் சேரும். ஊத்தமுன்னம் காத்தடிச்சு தண்ணிய வெளியேத்துங்கோ, இல்லையெண்டால் மிச்சத் தண்ணியோட கலந்து வலு குறைஞ்சு போயிடும்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட் போற ஸ்டேர்ன் டியூப்பை ஒருத்தரும் சொல்லேல்லை. அதுக்குள்ளயும் தண்ணி நிக்கும். உள்பக்க கிளாண்டை தளர்த்தி விட்டால் வழிஞ்சு போயிடும்.

உங்கட ஹல் மரம் எண்டபடியால் சூடு காட்டாதேங்கோ. கராஜுக்கு ஹீட்டர் இல்லை எண்டு கவலைப்படுறீங்கள், ஹல்லுக்கு அதுதான் நல்லது. சூடாக் காய்ஞ்சால் பலகை சுருங்கி நீக்கல் விழும், வசந்தத்தில தண்ணியில இறக்கின உடன உள்ளுக்க ஏறும், பலகை ஊறிப் பெருத்து இறுகிற வரைக்கும் பம்ப் போட்டுக்கொண்டு பக்கத்தில இருக்க வேணும். நாலாவது ஐயா சொன்ன பல்பு சின்னனா இருக்கட்டும். தார்ப்பாயை ஹல்லோட இறுக்கிச் சுத்தாதேங்கோ, ரெண்டு முனையிலயும் காத்துப் போக வழி விடுங்கோ.

பிறகு எலி. சிலிண்டரைச் சுத்தியிருக்கிற லாகிங் (சூடு போகாமல் போட்ட உறை) அதுகளுக்கு வலு விருப்பம். புகைபோக்கிக்கு வாளி கவுக்கேக்க கீழ சாம்பல் கதவுக்கும் கம்பி வலை அடியுங்கோ.

இஞ்ச பாய்லர் விசயம் டிஎஸ்எஸ்ஏக்குக் (ஒன்டாரியோவில பாய்லர் பாதுகாப்பைப் பாக்கிற அமைப்பு) கீழ வரும். உங்கட பாய்லருக்குப் பேப்பர் என்ன இருக்கு எண்டு குளிர்காலத்தில எடுத்துப் பாத்து வையுங்கோ, இன்சூரன்ஸ்காரரும் அதைத்தான் முதல்ல கேப்பினம். வசந்தம் வந்தாப் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில இன்ஸ்பெக்டரைத் தேடுவினம்.

பிரேஸ்பிரிட்ஜ்காரன்:

அய்யோ, இவ்ளோ விவரம் எதிர்பாக்கவே இல்ல, ரொம்ப நன்றி. லூப்ரிகேட்டர் விஷயம் சத்தியமா எனக்கு தோணியிருக்காது. பம்பு ரெண்டுலயும் குண்டை எடுத்துடறேன், இன்ஜெக்டர் வீட்டுக்குள்ள வருது, எங்க வைக்கறதுன்னு வீட்ல பர்மிஷன் கேக்கணும்.

வடிக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு கேக்கணும். சீசன் கடைசி பக்கம் பாய்லர் தண்ணி தூக்க ஆரம்பிச்சிடுச்சு. கேஜ் கிளாஸ்ல தண்ணி மட்டம் நிக்காம ஆடுது, த்ராட்டில் (இன்ஜினுக்கு ஆவி விடற வால்வு) சட்டுனு திறந்தா சிலிண்டர்ல டொக்கு டொக்குன்னு தட்டற சத்தம், புகைபோக்கி வழியா ஒண்ணும் இல்ல ஆனா டிரெயின் காக் திறந்தா கொழகொழன்னு பழுப்பு தண்ணி வருது. கிளாஸ் உள்பக்கம் ஒரு எண்ணெய் படலம் மாதிரி இருக்கு. குளிர்காலத்துக்கு முன்னாடியே இதுக்கு ஏதாவது செய்யணுமா இல்ல வசந்தத்துல பாத்துக்கலாமா?

நாலாவது இன்ஜினியர்:

இப்பவே செய்யணும் தம்பி. எண்ணெய் பாய்லருக்குள்ள போயிடுச்சு. நீங்க கண்டென்ஸ் பண்ற செட்டு, சிலிண்டருக்கு ஊத்தற எண்ணெய் எல்லாம் ஆவியோட கண்டென்சர் போய் ஹாட்வெல்லுக்கு வந்து அங்க பிடிபடலைன்னா பாய்லருக்குத்தான் போகும். எண்ணெய் இருந்தா தண்ணி நுரைக்கும், நுரை ஆவியோட சேர்ந்து இன்ஜினுக்கு வரும், அதுதான் நீங்க கேக்கற தட்டற சத்தம். தண்ணியை அமுக்க முடியாது, பிஸ்டன் மேல போறப்ப நடுவுல தண்ணி நிறைய மாட்டிச்சுன்னா சிலிண்டர் மூடியே போயிடும். அதைவிட பெரிய ஆபத்து, எண்ணெய் படலம் டியூப் மேல ஒட்டினா சூடு தண்ணிக்கு போகாது, டியூப் அளவுக்கு மீறி சூடாகி தளர்ந்துடும். அப்படியே காய வச்சா அந்த எண்ணெய் தகட்டுல கெட்டியா பிடிச்சு, வசந்தத்துல எடுக்கறது இன்னும் கஷ்டம்.

சலவை சோடா கரைச்சு ஊத்தி, சின்னதா நெருப்பு போட்டு, இன்ஜினுக்கு ஆவி விடாம குறைஞ்ச பிரஷர்ல சில மணி நேரம் வேக விடுங்க. கிளாஸ்ல மட்டம் தெரியுதான்னு பாத்துக்கிட்டே பக்கத்துலயே இருக்கணும், நெருப்பு போட்டுட்டு போன் பாக்கப் போகக்கூடாது. அப்பறம் நெருப்பை எடுத்து, நான் முன்னாடி சொன்ன மாதிரி பிரஷர் இறங்க விட்டு வடிச்சு, ஆறினதும் நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசுங்க. சோடா தண்ணியை ஏரில விடாதீங்க. ஹாட்வெல்லையும் கழட்டி கழுவுங்க, ஆணி வேர் அங்கதான் இருக்கு.

ஹாட்வெல் உள்ள தடுப்பு தடுப்பா வச்சு, தண்ணி மேலயும் கீழயும் ஏறி இறங்கி போற மாதிரி செய்யணும், எண்ணெய் மேல மிதந்து நிக்கும், தண்ணி அடி வழியா போகும். தடுப்புக்கு நடுவுல எண்ணெய் உறிஞ்சற பேடு, இல்ல நம்ம பீர்க்கங்கூடு. சிரிக்காதீங்க, அந்த காலத்து கப்பல்லயே ஃபீட் வாட்டர் பில்டர்ல பீர்க்கங்கூடுதான் போட்டிருக்காங்க. உங்க ஊர் இந்தியன் கடையிலயே முதுகு தேய்க்கன்னு விப்பான்.

எண்ணெய் எது ஊத்தறீங்க? ஸ்டீம் சிலிண்டர் ஆயில்தானே? கார் இன்ஜின் ஆயில் ஊத்தினா அதுல சேத்திருக்கற சோப்பு சரக்கு தண்ணியோட பால் மாதிரி கலந்துடும், எந்த பில்டர்லயும் பிரியாது.

கெண்டல் மீனா:

சார் சொன்னதுல ஒரு இடத்துல மட்டும் நான் வேற மாதிரி நெனைக்கறேன். பில்டரை பெருசாக்கறதை விட எண்ணெயை குறைங்க. 100 பிஎஸ்ஐ, சூப்பர்ஹீட்டர் (ஆவியை இன்னும் சூடாக்கி காய வைக்கறது) இல்ல, ஸ்லைடு வால்வு (முன்னும் பின்னும் சறுக்கி சிலிண்டருக்கு ஆவி விடறது). ஈர ஆவி வர்ற இன்ஜின், அந்த ஈரமே பாதி வழவழப்பை குடுத்துடும். இந்த அளவு லாஞ்ச் வச்சிருக்கற பல பேர் ஓடறப்ப சிலிண்டருக்கு சொட்டு கணக்குலதான் குடுக்கறாங்க, நாள் முடிஞ்சு நிறுத்தறதுக்கு முன்னாடி மட்டும் கொஞ்சம் தாராளமா. எங்க இன்ஜினும் அப்படித்தான் ஓடுது, திறந்து பாத்தா சுவர் கண்ணாடி மாதிரி இருக்கு.

நாலாவது இன்ஜினியர்:

மீனா மேடம், இன்ஜின் உங்களுது, சுவர் கண்ணாடி மாதிரி இருந்தா நான் என்ன சொல்ல முடியும். ஆனா புதுசா வாங்கின ஆளுக்கு, முன்னாடி வச்சிருந்தவர் எப்படி ஓட்டினார்னே தெரியாத இன்ஜினுக்கு, முதல் வருஷமே எண்ணெயை நிறுத்துன்னு நான் சொல்ல மாட்டேன். குளிர்காலத்துல வால்வு செஸ்ட் மூடியை திறந்து ஸ்லைடு வால்வு முகத்தை பாருங்க தம்பி. கோடு கோடா கீறல் இருந்தா எண்ணெய் பத்தல. வழவழன்னு இருந்தா மேடம் சொன்ன மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கலாம்.

கெண்டல் மீனா:

அது நியாயம்தான். திறந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

பிரேஸ்பிரிட்ஜ்காரன்:

சிலிண்டர் ஆயில்தான் சார், வித்தவர் குடுத்த டப்பா, ஆனா லூப்ரிகேட்டர் வால்வை எவ்ளோ திறக்கணும்னு அவர் சொல்லல, நான் பாட்டுக்கு நல்லா திறந்து விட்டிருந்தேன். ஹாட்வெல்ல தடுப்பு எதுவுமே இல்ல, ஒரு வாளி மாதிரிதான் இருக்கு, இப்ப புரியுது. பீர்க்கங்கூடு அம்மாகிட்ட சொன்னா ஊர்ல இருந்தே அனுப்பிடுவாங்க.

சரி, வசந்தத்துல திரும்ப மாட்டி முதல் தடவை நெருப்பு போடறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?

ஸ்காபரோ சிவா:

ஹைட்ராலிக் டெஸ்ட் அண்ணை. பாய்லரை மேல் பிளக் வழியாத் தண்ணி வழியிற வரைக்கும் நெரப்பி, காத்து ஒரு குமிழ் கூட இல்லாமல் பாத்து, சேஃப்டி வால்வைக் கழட்டி பிளக் அடிச்சு, கை பம்பாலயே ஏத்துங்கோ. வழமையா ஓட்டுற பிரஷரிண்ட ஒண்டரை மடங்கு, உங்களுக்கு 150 வரும், பேப்பரில வேற மாதிரிப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. காத்தால டெஸ்ட் பண்ணவே கூடாது, தண்ணியெண்டால் உடைஞ்சாலும் ஒரு பீச்சோட நிண்டிடும், காத்தெண்டால் குண்டு. தண்ணி கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கட்டும், ஏப்ரல்ல குழாய்த் தண்ணி ஐஸ் மாதிரி வரும், ஸ்டீல் அந்தக் குளிரில பிரஷர் ஏத்த விருப்பப்படாது. டெஸ்ட் முடிஞ்ச உடன சேஃப்டி வால்வைத் திருப்பிப் பூட்டுங்கோ, பூட்டினாப் பிறகுதான் நெருப்புப்பெட்டியைத் தொடுங்கோ.

நாலாவது இன்ஜினியர்:

டெஸ்ட்டுக்கு வேற நல்ல கேஜ் ஒண்ணு மாட்டிக்கோங்க, போட்ல இருக்கறதையும் அதோட ஒத்துப் பாத்த மாதிரி ஆச்சு. முதல் நெருப்பு மெதுவா, வழக்கமா ஆகற நேரத்தை விட ரெண்டு மடங்கு எடுத்துக்கோங்க. கேஜ் கிளாஸ் காக் ரெண்டையும் மாத்தி மாத்தி ஊதிப் பாத்து மட்டம் டக்குனு திரும்பி வருதான்னு பாருங்க, மெதுவா வந்தா வழி அடைச்சிருக்கு, கிளாஸ்ல தெரியற மட்டம் பொய். பிரஷர் ஏறினதும் சேஃப்டி வால்வு தானா 100ல தூக்குதான்னு கண்ணால பாத்துட்டுதான் போட்டை அவுக்கணும்.

கெண்டல் மீனா:

அந்த பன்னி வால் பைப்புல தண்ணி ஊத்திட்டு மாட்டுங்க, ரெண்டாவது தடவையா சொல்றேன்னு நெனைச்சாலும் பரவால்ல. டப்பால எடுத்து வச்ச குண்டுகளை மாட்டறப்ப உக்கார்ற எடத்தை துணியால துடைச்சிட்டு போடுங்க, ஒரு தூசி இருந்தாலும் பம்பு தண்ணி இழுக்காது, ஏரி நடுவுல போய்தான் தெரியும்.

டெஸ்லா தாசன்:

எனக்கு ஒண்ணும் புரியல ஆனா முழுசா படிச்சிட்டேன். அடுத்த கோடையில மஸ்கோகா வர்றேன், டீ கிடைக்குமா ப்ரோ?

பிரேஸ்பிரிட்ஜ்காரன்:

வாங்க, ஆனா விறகு நீங்கதான் பொளக்கணும்.